வெட்டாமல் விட்ட முத்திரை

ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ரப்பர் ஸ்டாம்ப் கடையில் எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது எழுத்துக் கோப்பதையல்ல, கத்தரி பிடிப்பதை. சரியாக வராத ரப்பரைக் குப்பையில் போடுவதற்கு முன் குறுக்கே இரண்டாக வெட்டிவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்கான பூ என்றால் பரவாயில்லை. பள்ளிக்கூடம், வங்கி, அரசு அலுவலகம் என்று எதன் பெயர் இருந்தாலும் வெட்டாமல் கடைக்கு வெளியே போகக் கூடாது. முதலாளி அதிகம் பேசாத மனிதர். இதை மட்டும் மூன்று தடவை சொன்னார். நானும் இரண்டு வருஷத்தில் நூற்றுக்கணக்கான ரப்பர்களை வெட்டிப் போட்டேன். ஒன்றை மட்டும் வெட்டவில்லை.

அப்போது எனக்கு இருபது வயது. சிலோனிலிருந்து கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியாக எமரால்டு பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்தின் தகரக் கொட்டகை வரிசையில் குடியேறியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் கேரட் பிடுங்கப் போனார்கள். ஓரளவு படித்திருந்ததால் நான் காலையில் முதல் பஸ் பிடித்து ஊட்டிக்குப் போனேன். வரிசையில் எல்லோரும் என்னைச் சீல்காரி என்று கூப்பிட்டார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் எங்கள் ஆட்களுக்குச் சீல் என்பது கேலிப் பொருளல்ல. அது இல்லாமல் அங்கேயிருந்து கிளம்ப முடியாது, இங்கே இறங்க முடியாது, அரிசி வாங்க முடியாது. கொஞ்ச நாளில் அந்தப் பெயரில் ஒரு மரியாதை ஏறிவிட்டது. எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது.

கடையில் நடப்பது ஒன்றும் மந்திரமல்ல. ஈய எழுத்துகளைக் கோத்து, அதை மாவு போன்ற ஒரு பொடியில் அழுத்திப் பள்ளமாக அச்செடுப்போம். அந்தப் பள்ளத்தின்மேல் ரப்பர் தகட்டை வைத்துச் சூடான இரும்பு அழுத்தியில் இறுக்கினால், ரப்பர் இளகிப் பள்ளத்துக்குள் இறங்கி எழுத்தாக எழும்பும். உரித்தெடுத்து, ஓரம் வெட்டி, மரப்பிடியில் ஒட்ட வேண்டியதுதான். ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தாலும் கையில் சுட்ட ரப்பர் நாற்றம் போகாது.

வீட்டில் எனக்கு வேறொரு கிறுக்கு இருந்தது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பக்கோடாவைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில், ரொட்டியில் பொம்மை செய்வது பற்றி அரைப்பக்கம் இருந்தது. பழைய ரொட்டியின் ஓரத்தை நீக்கி, உதிர்த்து, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை ஊற்றிக் கையில் ஒட்டாத வரைக்கும் பிசைய வேண்டும். எலுமிச்சம் சாறு இரண்டு சொட்டு. பிறகு பூ, இலை, என்ன வேண்டுமானாலும் செய்யலாம். “நன்றாகக் காய்ந்தபின்” என்ற இடத்தில் தாள் கிழிந்திருந்தது. காய்ந்தபின் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் பனியில் காய்வதே பெரிய பாடு. அடுப்புப் பக்கம் வைத்தால் வெடித்தது, வெளியே வைத்தால் பூஞ்சை பிடித்தது. கடைசியில் கட்டிலுக்கு அடியில் சாக்கின்மேல் பரப்பி, தினமும் திருப்பிப் போட்டு எட்டு நாளில் காய வைக்கப் பழகினேன். காய்ந்தால் கட்டைபோல் இறுகிவிடும்.

அந்த மாவைத் தட்டுபோல் தட்டி, கடையிலிருந்து கொண்டுவந்த பூ ரப்பர்களை அதில் குத்துவேன். ரப்பரில் கொஞ்சம் மாக்கல் பொடி தூவி, ஆட்டாமல் நேராக இறக்கி, நேராகத் தூக்க வேண்டும். ஓரத்தில் தேயிலையை நரம்புப் பக்கமாக வைத்து அழுத்தினால் ஒவ்வொரு நரம்பும் விழும். காய்ந்ததும் வர்ணம் பூசிச் சுவரில் மாட்டுவோம். தகரச் சுவருக்கு அது போதுமான அலங்காரம். வரிசையில் பாதி வீடுகளில் நான் செய்த தட்டு தொங்கியது.

வெட்டாமல் விட்ட ரப்பருக்கு வருகிறேன். சிலோனிலிருந்து வந்தவர்களின் காரியங்களைப் பார்க்கும் ஓர் அலுவலகம் ஊட்டியில் இருந்தது. அங்கேயிருந்து ஒரு வட்ட முத்திரைக்கு ஆர்டர் வந்தது. இரட்டை வளையம், நடுவே எழுத்து. நாங்கள் செய்த முதல் ரப்பரில் ஒரு பக்கம் வளையம் மெலிந்துவிட்டது. முதலாளி தூக்கிப் பார்த்துவிட்டு, “இது ஆகாது அம்மிணி, வெட்டிப் போட்டுரு” என்று சொல்லி அடுத்ததற்குப் போனார். நான் கத்தரியை எடுத்தேன். ரப்பரைக் கையில் வைத்துப் பார்த்தேன். இந்த வட்டத்துக்காக அப்பா மூன்று நாள் அந்த அலுவலக வாசலில் நின்றார். மூன்றாம் நாள் காலில் வீக்கத்தோடு வந்து, நாளை வரச் சொன்னார்கள் என்றார். அது இப்போது என் உள்ளங்கையில் ஒரு வடை அளவுக்குக் கிடந்தது. எனக்கு வந்தது கோபம்தான். கத்தரியை வைத்துவிட்டு ரப்பரை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அன்றைக்கே ஒரு தட்டு செய்து நடுவில் அந்த முத்திரையைக் குத்தினேன். சுற்றிலும் தேயிலை நரம்பு. காய்ந்ததும் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டினேன். அப்பா பார்த்துவிட்டு ஒரு தடவை விரலால் அந்த வளையத்தைச் சுற்றித் தடவினார்.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். எங்களோடு அதே கப்பலில் வந்தவர். அவருடைய கணவர் மண்டபம் முகாமில் காய்ச்சலில் இறந்துபோனார். இரண்டு பெண் குழந்தைகள். படிக்கத் தெரியாது. குடும்பக் கார்டில் இன்னும் கணவர்தான் குடும்பத் தலைவர். கூடலூர்ப் பக்கம் புதிதாகத் திறக்கும் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் ஆட்களுக்கு நிரந்தர வேலையும் ஒரு வீடும் தரப்போகிறார்கள் என்ற செய்தி அப்போது பரவியிருந்தது. அக்காவின் பெயரைத் தலைவராக ஏற்றி அந்த வட்ட முத்திரை விழுந்தால்தான் பட்டியலில் இடம். இல்லாவிட்டால் மழையோ பனியோ, கூப்பிட்ட நாளில் கேரட் கழுவப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எங்கள் சுவரில் தட்டைப் பார்த்த அக்கா, தனக்கும் அதேபோல் ஒன்று வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னாலேயே மாவைப் பிசைந்து தட்டினேன். அப்போது எனக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. முதுகை நிமிர்த்தி, அதிகாரி குரலில், பெயர் என்ன, கணவர் பெயர் என்ன, அவர் எங்கே, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். அக்கா எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நடிக்கிறார் என்று நினைத்தேன். ரப்பரைத் தூக்கி, நேராக இறக்கி, நேராக எடுத்தேன். “ஒங்க பேரு ஏறிருச்சுக்கா. இனி எந்தத் தொரையாலும் அழிக்க முடியாது” என்றேன். ஈரமாக இருந்த வளையத்தைத் தொடாமல், அதற்கு மேலே கையைக் காட்டி அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டு நாளும் வந்து காய்ந்ததா என்று பார்த்துவிட்டுப் போனார்.

அந்த மாதத்திலேயே பட்டியலுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்று அறிவித்தார்கள். அன்று மதியம் ஒரு மணிக்கு மூடி, பட்டியலைச் சென்னைக்கு அனுப்பிவிடுவார்களாம். வரிசையில் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். நான் அக்காவிடம் எப்போது போகிறீர்கள் என்று கேட்டேன். எனக்குத்தான் சீல் இருக்கே என்றார். நல்ல பதில் என்று சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினேன். வாய்க்கு வாய் பேசுவதில் எனக்கு அவ்வளவு பெருமை. எதிரில் நிற்பவர் நிஜமாகப் பேசுகிறாரா என்று பார்க்கும் பழக்கம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் மிச்சமிருந்த பெண்கள் எல்லோரும் கார்டோடு நின்றார்கள். அக்காவைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். அவளுக்குத்தான் நீயே சீல் வைத்துக் கொடுத்துவிட்டாயாமே, கேரட் கழுவ ஓடைக்குப் போய்விட்டாள் என்றார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. எனக்கும் ஒன்று வைத்துக் கொடுத்திருக்கலாமே என்று ஒருத்தி குறைபட்டுக்கொண்டாள்.

பஸ் வந்து நின்றது. ஏறாமல் ஓடைக்கு ஓடினேன். ஓடை அங்கேயிருந்து ஒரு மைல். வழியெல்லாம் அக்காவைத் திட்டிக்கொண்டே ஓடினேன். இவ்வளவு வெகுளியாகவா இருப்பார்கள் என்று. என்னைத் திட்டிக்கொள்ள இன்னும் தைரியம் வரவில்லை.

அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று கேரட்டைக் காலால் உழப்பிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அது வெறும் ரொட்டி மாவு, விளையாட்டு, உங்கள் கார்டில் ஒன்றும் விழவில்லை என்றேன். அக்காவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கரையேறி, சேலையைப் பிழிந்துகொண்டு, “அப்ப நீ கேட்டியே, பேரு, ஊரு எல்லாம்?” என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்குப் போய்க் கார்டையும், முகாமில் கொடுத்த இறப்புச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வந்தபோது மணி பத்தை நெருங்கியிருந்தது. பத்து மணி பஸ் பத்தரைக்கு வந்தது. கைகாட்டித் திருப்பத்துக்கு அப்புறம் மூடுபனி இறங்கி, டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தார். பாலாடாவில் மூட்டை ஏற்ற நின்றார்கள். ஒவ்வொரு மூட்டையாக மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்தது. அப்போதுதான் அக்காவின் கூடையைப் பார்த்தேன். துண்டில் சுற்றி அந்தத் தட்டு இருந்தது.

அதை எதற்கு எடுத்து வந்தீர்கள், என்னிடம் கொடுங்கள் என்றேன். கூடையை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டார். பறித்திருக்கலாம். பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள். அதைவிட, அவர் அடுத்துச் சொன்னது என் கையைக் கட்டிவிட்டது.

“எத்தனையோ ஆபீசுல எத்தனையோ பேரு குத்துனாங்க புள்ள. ஒருத்தரும் என் பேரைக் கேட்டுட்டுக் குத்தல. எல்லாம் எங்க வீட்டுக்காரவுக பேருதான். நீ ஒருத்திதான் என் பேரைக் கேட்ட.”

என் பையில் ஒரு டப்பா இருந்தது. அதற்குள் அந்த ரப்பர். வீட்டில் வைக்கப் பயமாக இருந்ததால் எங்கே போனாலும் கூடவே கொண்டு போவேன். பஸ் ஃபெர்ன்ஹில் தாண்டும்வரை அந்த டப்பாவைப் பையோடு சேர்த்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அலுவலகத்தை அடைந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. எங்களுக்கு முன்னால் பதினான்கு பேர். சிலோன் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்பதுபோல் ஒருவர் பின் ஒருவராக, சுவரோடு ஒட்டி, பேச்சில்லாமல் நின்றார்கள். மேஜையில் ஓர் அதிகாரி. நடுத்தர வயது, கம்பளி மஃப்ளர். நிதானமாக ஒவ்வொரு கார்டையும் படித்து, எழுதி, மையில் தொட்டுக் குத்தினார். எங்கள் கடையில் இரண்டாவதாகச் செய்த, குறையில்லாத முத்திரை. ஒவ்வொரு குத்துக்கும் எனக்குத் தூக்கிப்போட்டது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு முப்பத்தைந்து ஆனபோது எங்கள் முறை வந்தது.

அவர் கார்டைப் பார்த்தார். கணவரின் இறப்புச் சீட்டைக் கேட்டார். அக்கா நீட்டினார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகாமில் மழையில் நனைந்த சீட்டு. “இதுல சீலே தெரியலீங்களே” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் அக்காவைப் பதறவைத்துவிட்டது. நான் தடுப்பதற்குள் கூடையிலிருந்து துண்டைப் பிரித்து, தட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

“தெளிவான சீலு இருக்குங்க தொரை.”

அதிகாரி தட்டை எடுத்தார். வளையத்தின்மேல் விரலை ஓட்டினார். தன் முத்திரையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த களைப்பு போய்விட்டது.

“இது எங்க ஆபீஸ் சீலாச்சுங்களே. இதை யாரு செஞ்சது?”

நான் அக்காவுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். ஆனால் எனக்குள் ஓடியது வேறு. கடை போகும். முதலாளி பெயர் போகும். போலீஸ் வரும். எங்கள் கார்டில் அப்பா வாங்கிய முத்திரையையும் சந்தேகப்படுவார்கள். இத்தனையும் நியாயமான பயங்கள்தான். இருந்தாலும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது பயத்தால் மட்டுமல்ல. வேறு யாராவது ஏதாவது சொல்லிக் காப்பாற்றிவிடுவார்கள் என்று காத்திருந்தேன். அது கேவலமான காத்திருப்பு.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. “நான்தாங்க செஞ்சேன்” என்றார்.

எதை வைத்துச் செய்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். அக்கா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அதிகாரி கார்டையும் சீட்டையும் தட்டையும் சேர்த்து மேஜையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். இது விசாரணைக்குப் போகும், ஒதுங்கி நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அக்கா சுவரோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை என் முன்னால் நின்ற அதே நிலை. அன்று நான் நடிப்பு என்று நினைத்தேன்.

அடுத்த கார்டு வந்தது. படித்தார், எழுதினார், குத்தினார். அதற்கடுத்த கார்டு. படித்தார், எழுதினார், குத்தினார். மணி பன்னிரண்டே முக்கால். மூன்றாவது ஆள் கார்டை நீட்டியபோதுதான் என் கால் நகர்ந்தது. டப்பாவைத் திறந்து ரப்பரை மேஜையில் வைத்தேன். நான் செய்தது, இந்த அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, அலங்காரத்துக்குக் கேட்டார், நான் விளையாட்டாகக் குத்திக் கொடுத்தேன் என்று சொல்லி முடித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். வரிசை முழுவதும் கேட்க இன்னொரு தடவை சொன்னேன்.

அவர் ரப்பரை மையில் தொட்டு ஒரு வெற்றுத் தாளில் அழுத்திப் பார்த்தார். ஒரு பக்கம் வளையம் மெலிந்து விழுந்தது. கடைக்கு ஆள் அனுப்பினார். இரண்டு தெரு தள்ளித்தான் கடை. முதலாளி அழுத்தியிலிருந்து எழுந்து வந்த கையோடு, துடைக்காமல் வந்து நின்றார். தாளைப் பார்த்தார், ரப்பரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. “நாங்க ஒதுக்கினதுதாங்க. வெட்டாம வெளிய போனது என் தப்புங்க” என்றார். சட்டைப்பையிலிருந்து கத்தரியை எடுத்து என் பக்கம் நீட்டினார். அத்தனை பேர் பார்க்க நான் அதைக் குறுக்கே வெட்டினேன்.

அதிகாரி அந்த இரண்டு துண்டுகளையும் ஓர் உறைக்குள் போட்டு ஒட்டினார். பிறகு உள்ளே குரல் கொடுத்து முகாம் பதிவேட்டின் நகலைக் கொண்டுவரச் சொன்னார். பக்கங்களைப் புரட்டினார். ஒரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம். அக்காவின் கணவர் பெயர், இறந்த விவரத்தோடு அதில் இருந்தது. இவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவர் கார்டை முன்னால் இழுத்து, அக்காவைக் கூப்பிட்டார்.

“உங்க பேரு சொல்லுங்க” என்றார்.

அக்கா சொன்னார். அவர் எழுதினார். குத்தினார். மை காய்ந்திருந்ததால் வளையம் பாதிதான் விழுந்தது. மறுபடி மையில் தொட்டு, அதன் மேலேயே இன்னொரு தடவை குத்தினார். தட்டை மட்டும் அப்படியே கொடுக்க முடியாது, அந்த வட்டத்தை அழித்துவிட்டு எடுத்துப் போங்கள் என்றார். நான் வாசல் படியில் வைத்து அடித்துப் பார்த்தேன், உடையவில்லை. அவ்வளவு நன்றாகக் காய வைத்திருந்தேன். அக்கா என் கையிலிருந்து வாங்கி, கேரட் தழை அறுக்கும் சின்னக் கத்தியால், வட்டத்தை மட்டும் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். சுற்றிலும் இருந்த தேயிலை நரம்புகளைத் தொடவில்லை.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. திங்கட்கிழமை போனபோது எப்போதும்போல எழுத்துக் கோக்கக் கொடுத்தார். ஆனால் அன்றிலிருந்து ஒதுக்கிய ரப்பரை எல்லாம் அவரே வெட்டினார். நான் அந்தக் கடையில் இன்னும் நான்கு வருஷம் இருந்தேன். கத்தரி என் கைக்குத் திரும்ப வரவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதெல்லாம் பிறகு. அன்று மதியம் திரும்பும் பஸ்ஸில் நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கார்டை அவர் மடியில் விரித்து வைத்து, மை கையில் ஒட்டிவிடுமோ என்று ஊதிக்கொண்டே வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். கேலி பேச அவ்வளவு வார்த்தை இருந்தது, இதற்கு ஒன்றுகூட இல்லை. கடைசியில், என்னைக் காட்டிக்கொடுக்காமல் ஏன் உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

அக்கா ஊதுவதை நிறுத்தினார்.

“நீ சொல்லுவேன்னு தெரியும் புள்ள” என்றார். “மூணாவது ஆளு வரைக்கும் ஆகும்னுதான் தெரியல.”

அவரும் எண்ணிக்கொண்டுதான் நின்றிருக்கிறார். அக்கா மறுபடி கார்டை ஊத ஆரம்பித்தார்.